பின்மிதி

எட்டரை என்றால் எட்டரைதான், எட்டு முப்பத்தொன்றுகூடக் கிடையாது, என்று தனக்குள் சொல்லிக்கொண்டே சுகிர்தா சைக்கிளைத் தோட்டத்து லயவீடுகளின் சந்திலிருந்து தார்ச்சாலைக்குத் தள்ளிக்கொண்டு வந்தாள். மணி ஏழு நாற்பது. தேயிலைச் செடிகளுக்குக் கீழே புல்லெல்லாம் யாரோ உப்பை அள்ளி இறைத்த மாதிரி வெள்ளையாக விறைத்துக் கிடந்தது. மூச்சு விட்டால் முகத்துக்கு முன்னால் ஒரு சின்னப் புகை நின்று யோசித்துவிட்டுத்தான் போனது. ஒன்பது கிலோமீட்டர், அத்தனையும் ஏற்றம், ஏற்றத்தின் முடிவில் வெள்ளோடை விதைப்பண்ணை, பண்ணையின் நடுவே கம்பிவேலி போட்ட ஒரு துண்டுப் புல்தரை, அந்தப் புல்லின் மேல் படுக்கவைத்த ஒரு தெர்மாமீட்டர். இரவெல்லாம் தரை எவ்வளவுக்குக் குளிர்ந்தது என்று அதைப் பார்த்துக் காலை எட்டரைக்கு எழுத வேண்டும். அதுதான் அவளுடைய வேலை. இயற்பியல் படித்த மூன்று வருஷத்துக்கு இது போதுமா என்று சித்தி கேட்டாள், போதும் என்றுதான் சுகிர்தாவுக்குத் தோன்றியது, தெர்மாமீட்டர் எதிர்க்கேள்வி கேட்காது, சாப்பிட்டாயா என்று கேட்காது, என்னம்மா இன்றைக்கு டல்லாக இருக்கிறாய் என்று கேட்காது. போன மாதம்வரை பிரான்சிஸ் அண்ணன் தன் பைக்கில் ஏற்றிக்கொண்டு போய் இறக்கிவிட்டார். பண்ணை டிரைவர், நல்ல மனுஷன், ஒன்பது கிலோமீட்டரும் பேசுவார், அவள் ஒன்பது கிலோமீட்டரும் 'ம்' போடுவாள், ஒருநாள் எண்ணிப் பார்த்ததில் நூற்றுப் பதினான்கு 'ம்' வந்தது. அவருக்குக் கோயம்புத்தூருக்கு மாற்றல். முதல் பஸ் பண்ணை வாசலுக்கு வரும்போது எட்டு ஐம்பது. நடக்கலாமென்றால் இருட்டிலேயே கிளம்ப வேண்டும், இருட்டில் சாலையில் காட்டுமாடு நிற்கும். இரண்டு நாள் ரீடிங் விட்டுப்போயிற்று. "கோச்சுக்காதம்மா, மூணாவது தடவை விட்டா குவாட்டர்ஸ்ல இருக்கற யாரையாவது போட்டுடுவேன், எனக்கும் மேல பதில் சொல்லணும்ல?" என்று பண்ணை மேலாளர் ரோஸ்லின் மேடம் சொன்னபோதும் அவள் 'ம்' என்றுதான் சொன்னாள். வீட்டில் ஒரு சைக்கிளைப் பாதி பிரித்துப் போட்டிருக்கிறேன் மேடம், அதற்கு மோட்டார் மாட்டிக்கொண்டிருக்கிறேன் மேடம் என்று சொல்லவில்லை. சொன்னால் கேள்வி வரும். கேள்வி வந்தால் பதில் சொல்லும்போது மேடம் அவள் முகத்தையே பார்ப்பார்.

வலது கைப்பிடியைத் திருகினாள். பின்சக்கரத்துக்குள் தேனீ முனகுகிற மாதிரி ஒரு சத்தம், சைக்கிள் தானாக நகர்ந்தது, பண்ணைக்கு இதில் இன்றைக்குத்தான் முதல் பயணம், சந்தில் ஓட்டிப் பார்த்த ஒவ்வொரு தடவையும் போலவே அவளுக்கு ஒரு கூச்சம், யாரோ பின்னாலிருந்து கண்ணைப் பொத்துகிற மாதிரி. நீல நிறப் பள்ளிக்கூட சைக்கிள். மேட்டுப்பாளையத்தில் சித்தி வீட்டிலிருந்து பதினொன்றாவது படித்தபோது பள்ளியில் இலவசமாகக் கொடுத்தது, பஸ் கூரையில் கட்டி மலைக்குக் கொண்டுவந்து ஆறு வருஷம் அது கோழிக்கூண்டுக்கு முட்டுக்கொடுத்து நின்றது. மலையில் யார் சைக்கிள் ஓட்டுவார்கள்? இறங்கும்போது சைக்கிள் உன்னை ஓட்டும், ஏறும்போது நீ சைக்கிளைத் தூக்கவேண்டும் என்பார்கள். மோட்டார் வைத்த சக்கரம் பார்சலில் வந்தது. அதை ஆட்டும் கன்ட்ரோலர் பெட்டியை ஒரு பழைய டிபன் பாக்ஸில் ஓட்டை போட்டு அடைத்து சீட்டுக்கு அடியில் கட்டியிருந்தாள், மூடியில் இன்னும் 'S. சுகிர்தா 8 B' என்று ஆணியால் கீறிய எழுத்து இருந்தது. பேட்டரிதான் குழந்தை. லித்தியம் பேட்டரிக்குக் குளிர் ஆகாது, குளிர்ந்தால் சோம்பிப்போகும், உள்ளே தெம்பு இருந்தும் இல்லை இல்லை என்று கைவிரிக்கும், ஆதலால் இரவில் அதைத் தன் கம்பளிக்குள் பக்கத்திலேயே படுக்கவைத்துக்கொண்டாள். அம்மா பார்த்துவிட்டு, "என்னடி, அடைகாக்குறியா? குஞ்சு பொரிச்சா எனக்கு ஒண்ணு குடு" என்றாள். சிரித்தாளே தவிர மறுநாள் அம்மாவேதான் அவளுடைய பழைய மெரூன் பள்ளிக்கூட ஸ்வெட்டரை வெட்டிப் பேட்டரிக்கு அளவாக ஓர் உறை தைத்துக்கொடுத்தாள், பட்டனெல்லாம் வைத்து. உன்னைப் பத்தாவது வரைக்கும் காப்பாத்துன ஸ்வெட்டர், இதையும் காப்பாத்தும் என்றாள். இப்போது பேட்டரி கேரியரில் அந்த ஸ்வெட்டரைப் போட்டுக்கொண்டு, காலர்கூட இருக்கிறது, பின்னால் உட்கார்ந்து வருகிறது. திரும்பிப் பார்க்கத் தோன்றியது. குளிருதா? என்று கேட்கத் தோன்றியது. கேட்கவில்லை, ஆனால் பேட்டரியிடம் கேட்டிருந்தால் யாரும் ஒன்றும் நினைத்திருக்க மாட்டார்கள், இங்கே யார் இருக்கிறார்கள், சாலை முழுக்க அவள்தான்.

மூன்றாவது கிலோமீட்டர் கல்லுக்குப் பக்கத்தில் தேனீ நின்றுவிட்டது. கைப்பிடியைத் திருகினாள், ஒன்றுமில்லை, விட்டுத் திருகினாள், ஒன்றுமில்லை, கைப்பிடிக்கு வரும் ஒயரின் மூட்டைத் தொட்டால் உள்ளுக்குள் ஈரம், இராத்திரிப் பனி இறங்கிவிட்டது, சரி, பரவாயில்லை, அதற்குத்தான் இன்னொரு வழி வைத்திருக்கிறாளே. பெடல் அச்சில் ஒரு சின்னத் தட்டு, தட்டைச் சுற்றிக் காந்தங்கள், பக்கத்தில் அவற்றைப் பார்த்துக்கொண்டே இருக்கும் ஒரு சென்சார், நீ மிதித்தால் காந்தம் சுற்றும், சுற்றினால் சென்சார் மோட்டாரிடம் பாவம் பெண் மிதிக்கிறாள், கை கொடு என்று சொல்லும். மிதித்தாள். மோட்டார் கை கொடுக்கவில்லை. எழுந்து நின்று மிதித்தாள். தொடை எரிந்தது, ஸ்வெட்டருக்குள் வியர்த்தது, காது மட்டும் ஐஸாக இருந்தது, பத்து மிதி, பதினைந்து மிதி, சைக்கிள் பக்கவாட்டில் ஆடி நின்றேவிட்டது. பேட்டரி விளக்கு பச்சையாகத்தான் இருக்கிறது. அப்படியானால் மோட்டார் போய்விட்டதா? போயே போய்விட்டதா? இறங்கித் தள்ளினாள். ஏழு ஐம்பத்திரண்டு. தள்ளிக்கொண்டு போனால் ஒன்பதரை ஆகும். பஸ்ஸுக்காக நின்றால் எட்டு ஐம்பது, அதுவும் பஸ்ஸில் ஏறினால் பண்ணை வாசலில் இறங்கணும் என்று சத்தமாகச் சொல்ல வேண்டும், ஒருதரம் சொல்ல வாய் வராமல் அடுத்த ஊர்வரை போய் இறங்கி இரண்டு கிலோமீட்டர் நடந்து திரும்பி வந்திருக்கிறாள், கண்டக்டர் கேட்டதற்கு இங்கேதான் இறங்க வேண்டும், அத்தை வீடு, அத்தைக்குக் காய்ச்சல் என்றுகூடச் சொல்லிவைத்தாள், இல்லாத அத்தை. பிறகு அந்த அத்தைக்குக் காய்ச்சல் எப்படி இருக்கிறது என்று அவர் விசாரிக்க ஆரம்பித்ததும் அந்த பஸ்ஸையே விட்டுவிட்டாள். கல்லூரியில் செமினார் எடுக்கச் சொன்னபோது பன்னிரண்டு நிமிஷமும் கரும்பலகையைப் பார்த்தே பேசி முடித்தாள், கடைசியில் நன்றி என்பதைக்கூடப் பலகைக்குத்தான் சொன்னாள், சாக்குக்கட்டி மட்டும்தான் கேட்டது. நீ எல்லாத்தையும் முதுகாலதான் செய்வ, என்று பக்கத்து பெஞ்ச் ஹசீனா சொல்லிச் சிரித்தாள். குவாட்டர்ஸ் ஆள் ஒருவர் நாளைக்கு அந்தப் புல்தரைக்குள் போவார். மேலே மூச்சு படாமல் குனிய வேண்டும் என்று அவருக்குத் தெரியுமா? தெர்மாமீட்டருக்குள் கருப்பு ஊசி மாதிரி ஒன்று இரவின் மிகக் குறைந்த அளவைக் காட்டிக்கொண்டு கிடக்கும், அசைத்தால் இடம் மாறிவிடும் என்று யார் சொல்லிக்கொடுப்பார்கள்? நான்தான் சொல்லிக்கொடுக்க வேண்டும். எனக்கு எங்கே சொல்லிக்கொடுக்க வரும்?

கண்ணில் நீர் வந்தது, குளிரில் வருவதுதான் என்று முடிவு செய்துகொண்டாள். இன்னும் ஒரு தடவை. ஒரே தடவை ஏறி மிதித்துப் பார்த்துவிடுவது. ஏறி உட்கார்ந்து, இடதுகாலைத் தரையில் ஊன்றி, வலது பெடல் கீழே கிடந்ததால் அதை மேலே கொண்டுவர எல்லோரும் செய்கிறமாதிரி பின்பக்கமாக ஒரு சுற்றுச் சுற்றினாள். சைக்கிள் துள்ளி முன்னால் பாய்ந்தது. "ஐயோ" என்றாள், பிரேக்கைப் பிடித்தாள், நின்றது. சாலை, தேயிலை, பனி, எல்லாம் அப்படியே இருந்தன. யாரும் தள்ளவில்லை. மெதுவாக, ஒரு திருட்டுத்தனத்தோடு, பெடலைப் பின்பக்கம் கால்சுற்று சுற்றிப் பார்த்தாள். தேனீ முனகியது. அப்போதுதான் நேற்றுச் சாயங்காலம் கண்முன் வந்தது: பெடலைக் கழற்றி, காந்தத் தட்டைத் துடைத்து, கிரீஸ் தடவி, மாட்டப்போகும் சமயம் அம்மா அடுப்பங்கரையிலிருந்து சப்பாத்தி ஆறுதுடீ என்றாள், சரிம்மா என்று எழுந்துகொண்டே தட்டை மாட்டினாள், உட்பக்கம் வெளிப்பக்கமாக. மாட்டிய பிறகு கைப்பிடியைத் திருகி மட்டும்தான் பார்த்தாள். இப்போது அந்த சென்சாருக்கு முன்னால் மிதித்தால் பின்னால், பின்னால் மிதித்தால் முன்னால். முன்பக்கம் மிதித்தால் மோட்டார் சும்மா இருக்கும், பின்பக்கம் மிதித்தால் மேலே இழுத்துக்கொண்டு போகும். சப்பாத்தி மூன்று சாப்பிட்டேன், என்று நினைத்தாள், மூன்று சப்பாத்திக்கு இப்படி ஒரு வண்டி. திருப்பி மாட்டலாம், ஆனால் பெடலைக் கழற்றும் இழுப்பான் வீட்டில் கோழிக்கூண்டின் மேல் இருக்கிறது. ஏழு ஐம்பத்தெட்டு. சுற்றும் முற்றும் பார்த்தாள், ஒருவருமில்லை. சரி. பின்னால் மிதித்தாள்.

உலகத்தில் இப்படியொரு சுகம் இருக்கும் என்று தெரியாது. கால்கள் பஞ்சு மாதிரி பின்னால் பின்னால் சுற்றுகின்றன, சங்கிலி சும்மா தளர்ந்து டிக்டிக்கென்கிறது, எந்தப் பாரமும் இல்லை, தையல் மெஷினைத் தப்பாக மிதிக்கிற மாதிரி, சைக்கிள் பாட்டுக்கு மேட்டில் ஏறிக்கொண்டே இருக்கிறது. முதல் வளைவில் இரண்டு தடவை மறந்துபோய் முன்னால் மிதித்துவிட்டாள், மோட்டார் உடனே கோபித்துக்கொண்டு நின்றது, மன்னிப்புக் கேட்கிறமாதிரி பின்னால் மிதித்ததும் போனது. மூளைக்கும் காலுக்கும் நடுவில் ஒரு சண்டை. யோசித்தால் தப்பாகிறது, யோசிக்காமல் இருந்தால் சரியாகிறது, ஆனால் யோசிக்காமல் இருக்க வேண்டும் என்று யோசிக்க வேண்டியிருக்கிறது. நாலாவது கிலோமீட்டர். வெயில் எதிர்மலையின் தலையில் மஞ்சளாக உட்கார்ந்திருந்தது, இந்தப் பக்கம் இன்னும் இறங்கவில்லை. சிரிப்பு வந்தது. தனியாகச் சிரிப்பது அவளுக்குப் பழக்கம்தான், வாயை மூடிக்கொண்டு மூக்கால், ஆனால் இப்போது வாயைத் திறந்தே சிரித்தாள், பல் கூசியது. ஒரு விஷயம்தான் உறுத்தியது. காலும் சேர்ந்து உதவும், மோட்டாருக்குப் பாதிப் பாரம்தான் என்று கணக்குப் போட்டிருந்தாள். இப்போது முழுப்பாரமும் மோட்டாருக்கு, அவளும், சைக்கிளும், டிபன் பாக்ஸும், ஸ்வெட்டரும், அவ்வளவும் அந்தக் குளிர்ந்த பேட்டரியின் தலையில். விளக்கைப் பார்த்தாள். மஞ்சள். பார்க்காமல் இருந்தால் மாறாது என்கிறமாதிரி ஐந்தாவது கல்வரை பார்க்கவில்லை. பிறகு இன்னொன்று நினைவுக்கு வந்தது, அது பேட்டரியைவிட மோசம். கேரட் கழுவும் இடம். ஆறாவது கல் தாண்டி ஓடைப்பாலத்துக்குப் பக்கத்தில். விடியற்காலையிலேயே லாரியில் கேரட்டைக் கொண்டுவந்து கொட்டி, பெரிய டிரம்மில் போட்டுச் சுற்றிக் கழுவி, தரம் பிரித்து மூட்டை கட்டுவார்கள், பத்துப் பதினைந்து பேர், பாதிப்பேர் பெண்கள், அவர்கள் வாய்க்கு யாரும் தப்பியதில்லை. பிரான்சிஸ் அண்ணன் பைக்கிலேயே, யோவ் பிரான்சிசு, பின்னாடி மூட்டையா ஆளா, அசைவே இல்லையே என்பார்கள். முகத்தை நேரே வைத்துக்கொண்டு வேகமாகத் தாண்டிவிட வேண்டும். காலை யார் பார்க்கப்போகிறார்கள்? மனிதர்கள் முகத்தைத்தான் பார்ப்பார்கள். இதுவரை அதுதானே அவளுடைய கஷ்டம், அதுவே இன்றைக்கு உதவட்டும்.

பாலத்தருகே புகை தெரிந்தது, கைகாயக் குச்சி எரிக்கிறார்கள், டிரம் கடகடவென்று ஓடும் சத்தம், ஆரஞ்சு மலையாகக் கேரட், பிளாஸ்டிக் தாளை இடுப்பில் கட்டிய பெண்கள். நேரே பார். நேரே. விளக்கு சிவப்பாயிற்று. இங்கேயா, என்று கேட்டாள், போயும் போயும் இங்கேயா? சைக்கிள் முனகி, தயங்கி, சரியாக அவர்கள் தீமூட்டத்துக்கு எதிரே நின்றது. "ஏய் இங்க பாருங்கடி, இந்தப் புள்ளைக்குக் காலு பின்னாடி போவுது, வண்டி முன்னாடி வருது!" என்று ஒரு குரல், தலையில் துண்டு கட்டிய பெரிய அக்கா, கையில் கேரட்டோடு. "அட போ செவந்தி, கண்ணு பூத்துப்போச்சு உனக்கு." "சத்தியமாடி, வளைவுல இருந்தே பாக்குறேன். அம்மிணி, இறங்குறப்ப எப்பிடி, முன்னாடி மிதிப்பியா?" சுகிர்தாவுக்குக் காது சுட்டது, இந்தக் குளிரில் காது சுடும் என்று எந்தத் தெர்மாமீட்டரும் சொல்லாது. எட்டுப் பத்து. செய்ய வேண்டியது என்ன என்று அவளுக்கு நன்றாகத் தெரியும்: பேட்டரிக்கு ஐந்து நிமிஷம் ஓய்வு, கொஞ்சம் சூடு, உள்ளே தெம்பு இருக்கிறது, வெளியே வரத்தான் கூச்சம். அதைச் செய்ய வேண்டுமென்றால் இத்தனை பேர் முன்னால் செய்ய வேண்டும். கை தானாகவே போய் ஒயரைப் பிடுங்கியது, ஸ்வெட்டர் போட்ட பேட்டரியைத் தூக்கியது, ஜெர்க்கின் ஜிப்பைத் திறந்து வயிற்றோடு வைத்து மறுபடி மூடியது. ஜில்லென்று ஒரு செங்கல். இரண்டு கையாலும் அணைத்துக்கொண்டு தீக்குப் பக்கத்தில், மிகவும் பக்கத்திலில்லை, போய் நின்றாள். செவந்தி அக்கா அவள் வயிற்றை மேலும் கீழும் பார்த்தாள். "எத்தனை மாசம்?"

பதினைந்து பேர் சிரித்தார்கள், ஒருத்தி கேரட் குவியல் மேலேயே உட்கார்ந்துவிட்டாள். இந்த இடத்தில்தான் எப்போதும் அவளுக்குத் தொண்டை மூடிக்கொள்ளும், வீட்டுக்குப் போய் இரவு படுத்த பிறகு நல்ல பதில் தோன்றும், அதைக் கூரைக்குச் சொல்லிக்கொள்வாள். மூடப்போகிறது என்று அவளும் காத்திருந்தாள். மூடவில்லை. "முப்பத்தாறு வோல்ட்டுக்கா" என்றாள். யார் சொன்னது என்று அவளே ஒரு நொடி திரும்பிப் பார்க்கப் போனாள். செவந்தி அக்கா கையிலிருந்த கேரட்டைக் கீழே போட்டுவிட்டுச் சிரித்தாள், புரையேறியது, பக்கத்திலிருந்தவள் முதுகில் தட்டினாள். குரங்குக்குல்லா போட்டு டிரம் ஓட்டுகிறவர், "எதுக்குச் சிரிக்கிறீங்க, போன மாசம் நம்ம டிரம்மே தலைகீழாச் சுத்தலையா? கரன்டுக்காரன் ஒயரை மாத்தி மாட்டிட்டுப் போயிட்டான்" என்றார். "எந்தக் கரன்டுக்காரன்? நீங்கதான மாட்டுனீங்க! உள்ள போன கேரட்டெல்லாம் சேத்தோட திரும்பி எம் மடியில வந்து விழுந்துச்சு." "அது சரி, பழசைக் கிளறாத." அவர் சைக்கிளைச் சுற்றி வந்து பெடல் பக்கம் குனிந்து பார்த்து, "எங்கயோ ஒண்ணைத் திருப்பி மாட்டிட்ட, இல்லம்மா?" என்று ஒரு கூட்டாளியின் குரலில் கேட்டார். "ஆமாண்ணே, சப்பாத்தி ஆறுதுன்னு கூப்பிட்டாங்க" என்றாள். அவருக்கு அது முழுக்கப் புரிந்த மாதிரி தலையாட்டினார். யாரோ கையில் ஒரு டம்ளர் டீயைத் திணித்தார்கள். இஞ்சி, வெல்லம், கொஞ்சம் கேரட் மண் வாசனை. வயிற்றில் பேட்டரியின் ஜில் குறைந்துகொண்டே வந்தது. எங்க போற, என்ன வேலை, இவ்வளவு காலைலயா, என்று நாலைந்து கேள்வி ஒன்றாக வந்தது, புல்லுக்கு எவ்வளவு குளிர்ந்தது என்று பார்க்கப் போகிறேன் என்றாள். "அதை நாங்களே சொல்லுவோமே, கையைக் காட்டவா?" என்று செவந்தி அக்கா சிவந்து வெடித்த விரல்களை நீட்டினாள், சிரித்துக்கொண்டுதான். சுகிர்தா அந்த விரல்களைப் பார்த்தாள். பார்க்கப்படுவதையே நினைத்துக்கொண்டிருந்ததில் இத்தனை நாள் எதிரே இருப்பதைப் பார்த்ததே இல்லை, ஒருநாளைக்கு இரண்டு தடவை இந்த வழியாகப் போயும். எட்டுப் பதினைந்து. பேட்டரியை எடுத்து மாட்டினாள். மஞ்சள். "நாளைக்கும் இப்பிடியே வா அம்மிணி, எம் மவ சொன்னா நம்ப மாட்டா, கூட்டியாந்து நிறுத்துறேன்." "நாளைக்குள்ள சரி பண்ணிடுவேன்க்கா." "அட ஒருநாள் இருக்கட்டும்!" பின்னால் மிதித்தாள், கை தட்டினார்கள், ஒரு கேரட் பறந்துவந்து சைக்கிளின் முன்கூடையில் விழுந்தது.

ஏழு. எட்டு. மஞ்சள் சிவப்பாகவில்லை, வெயில் சாலைக்கு இறங்கிவிட்டது, ஸ்வெட்டர் காலரின் மேல் வெயில் பட்டிருக்கும், அது கண்ணைச் சுருக்கிக்கொண்டு உட்கார்ந்திருக்கும். பண்ணை கேட்டுக்குள் அவள் பெடலைப் பின்பக்கமாகச் சுற்றிக்கொண்டே நுழைந்தபோது ரோஸ்லின் மேடம் வெயிலில் காபி டம்ளரோடு நின்றிருந்தார். டம்ளர் உதட்டருகே போய் அப்படியே நின்றது. "சுகிர்தா, உன் கால் என்ன பண்ணுது?" "வந்துட்டேன் மேடம்" என்றாள், நிற்காமல், எட்டு இருபத்தேழு, சைக்கிளை வேலியில் சாய்த்துவிட்டு நோட்டை எடுத்துக்கொண்டு புல்தரைக்குள் போனாள். வெள்ளைப் புல் காலடியில் மொறுமொறுவென்றது. முழங்காலிட்டாள். மூச்சு கண்ணாடியில் படக்கூடாது, பட்டால் மங்கும், மங்கினால் ஊசியின் நுனி தெரியாது. மிதித்தே வந்திருந்தால் இந்நேரம் பட்டறைத் துருத்தி மாதிரி மூச்சு வாங்கியிருக்கும், காத்திருக்கவே பத்து நிமிஷம் ஆகியிருக்கும். துளிகூட மூச்சு வாங்கவில்லை. மூச்சைப் பிடித்துக்கொண்டு குனிந்தாள். கருப்பு ஊசி தெரிந்தது, அதன் நுனி எந்தக் கோட்டில் என்று கண்ணைக் கூர்மையாக்கினாள், எத்தனை மாசம் என்று ஒரு குரல் காதுக்குள் கேட்டது, புர்ரென்று வந்த சிரிப்பைத் தலையைத் திருப்பி வேலிக்கு அந்தப் பக்கம் விட்டாள். மறுபடி குனிந்தாள். முப்பத்தாறு வோல்ட்டுக்கா. மறுபடி எழுந்து, உள்ளங்கையால் வாயைப் பொத்திக்கொண்டு, வானத்தைப் பார்த்துப் பத்து எண்ணினாள். "என்னம்மா, ஏதாவது பிரச்சனையா?" என்று மேடம் கூப்பிட்டார். "இல்ல மேடம், சிரிப்பு வருது, ஒரு நிமிஷம் இருங்க" என்று சுகிர்தா பண்ணை முழுக்கக் கேட்கிற குரலில் சொன்னாள். மூன்றாம் தடவை குனிந்தபோது ஊசி அசையாமல் கிடந்தது, பூஜ்யத்துக்குக் கீழே ஒன்று புள்ளி ஆறு. எட்டு முப்பது என்று எழுதினாள், அதற்கு நேரே அந்த எண்ணை எழுதினாள். கேரட்டைக் கடித்துக்கொண்டு வேலியோரம் வந்து நின்று, சாய்ந்திருந்த சைக்கிளின் காந்தத் தட்டைப் பார்த்தாள். இழுப்பான் கோழிக்கூண்டின் மேல் இருக்கிறது, அரைமணி நேர வேலை, இன்றைக்குச் சாயங்காலமே திருப்பிவிடலாம். சாயங்காலம் வேண்டாம். செவந்தி அக்காவின் மகள் வந்து நின்று பார்க்கட்டும், நாளை மறுநாள் திருப்பிக்கொள்ளலாம்.